சிவப்பு முடியும் இடம்: நெல்லைச் சீமையில் ஐந்து நாள்

முதல் நாள்: திருநெல்வேலி

வைகாசி வெயிலில் லீவு போட்டுக்கொண்டு ஊருக்கு வருகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காலையில் ஜங்ஷனில் இறங்கி, வீட்டில் இரண்டு தோசையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு துண்டைத் தோளில் போட்டதும், "வந்ததும் வராததுமா எங்கலே கிளம்பிட்ட?" என்றாள் அம்மா. குறுக்குத்துறைக்கு என்றேன். எங்கள் வீட்டில் அந்தப் பதிலுக்கு மறுபேச்சு கிடையாது.

தாமிரபரணியில் முழங்கால் தண்ணீர்தான். படித்துறையில் உட்கார்ந்து ஒரு கை மணலை அள்ளிப் பார்த்தேன். இது தொழில் வியாதி. பன்னிரண்டு வருடமாக மேகாலயாவில் போர் போட்டு எடுக்கிற கல் உருளைகளைப் படிப்பதுதான் என் பிழைப்பு. கோர் என்போம். மணற்கல்லுக்குள் யுரேனியம் தேடுகிற வேலை. போன பொங்கலுக்குச் சித்தப்பா, "தங்கம் மாதிரி கல்லுக்குள்ள மின்னுமாடே?" என்று கேட்டார். சாப்பாட்டு நேரம், இலையில் அவியல் வேறு விழுந்துவிட்டது. ஆமாம் என்று சொல்லித் தப்பித்தேன். அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது. அதனால் இந்த முறை நம் ஊர் ஆற்றையும் மண்ணையும் வைத்தே விஷயத்தைச் சொல்லிப் பார்ப்பது என்று முடிவு. நெல்லைச் சீமையில் யுரேனியச் சுரங்கம் எதுவும் இல்லை. நான் அதைத் தேடியும் வரவில்லை.

சங்கதி ஆற்றிலிருந்துதான் தொடங்குகிறது. சாதாரணக் கிரானைட் ஒரு டன்னை எடுத்தால் அதில் மூன்று நான்கு கிராம் யுரேனியம் இருக்கும். கல் சிதைந்து மண்ணாகும்போது, காற்றுப் பட்ட மழைத் தண்ணீர் அதைக் கரைத்துக்கொள்ளும். தண்ணீரில் கார்பனேட்டும் இருந்தால் இரண்டும் கைகோத்துக்கொண்டு எத்தனை மைல் வேண்டுமானாலும் போகும். கடல் தண்ணீரிலேயே ஆயிரம் லிட்டருக்கு மூன்று மில்லிகிராம் சொச்சம் கரைந்து கிடக்கிறது. ஆனால் ஆக்சிஜன் இல்லாத ஓர் இடத்துக்குள் அந்தத் தண்ணீர் நுழைந்துவிட்டால், யுரேனியம் கரைந்திருக்க முடியாமல் அங்கேயே படிந்துவிடும். மணற்கல் தாது என்பது மொத்தமும் இவ்வளவுதான்: தண்ணீரோடு நடந்து வந்த ஒன்று, நடக்க முடியாமல் நின்ற இடம்.

பொதிகையின் சார்னோக்கைட் பாறைகள் இந்த விஷயத்தில் கஞ்சப்பிள்ளைகள். பூமிக்கு வெகு ஆழத்தில், கடும் சூட்டில் வெந்து உருவானவை. இப்படி வேகும் பாறைகள் தங்கள் யுரேனியத்தில் பெரும் பங்கை அப்போதே இழந்துவிடும். யுரேனியம் போலவே கதிர்வீச்சுள்ள இன்னொரு உலோகமான தோரியத்தை அவ்வளவாக விடுவதில்லை. தோரியத்தை நாலாம் நாள் பார்ப்போம். அம்மா போன் மேல் போன் போடுகிறாள்.

இரண்டாம் நாள்: தேரி

திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறிக் குரும்பூரில் இறங்கினேன். மாமா பைக்கோடு நின்றார். அருஞ்சுனை காத்த அய்யனாரைக் கும்பிட்டுவிட்டுக் குதிரைமொழித் தேரிக்குள் போவதாகத் திட்டம். தேரி என்றால் செம்மணல் மேடு. அய்யனார் கோயில் தேரிக்கு நடுவில் இருக்கிறது. பேரிலேயே சுனை இருக்கிறது. சுற்றிலும் கால் வைக்க முடியாத செம்மணல், நடுவே தண்ணீர். பெய்கிற மழையை ஒரு சொட்டு வழிய விடாமல் குடித்துவிடுகிற மணல் இது. குடித்த தண்ணீர் அடியில் எங்காவது போய்த் தேங்கத்தானே வேண்டும்.

கோயிலைத் தாண்டி அரை மைல் போவதற்குள் பைக் புதைந்துவிட்டது. இறங்கித் தள்ளினோம். "மண்ணைப் பாக்க ஆயிரம் மைல் தாண்டிப் போற, இந்தா மண்ணு, நல்லாப் பாரு மருமவனே" என்றார் மாமா, மூச்சு வாங்கிக்கொண்டே.

பார்த்தேன். லென்ஸை வைத்து உள்ளங்கை மணலைப் பார்த்தால், ஒவ்வொரு மணியும் உள்ளே கண்ணாடி போன்ற குவார்ட்ஸ். மேலே மட்டும் மெல்லிய சிவப்புத் தோல். கருப்பட்டிச் சேவு மேல் பாகு பிடித்திருப்பது போல. அந்தத் தோல் இரும்புத் துரு, வேறொன்றும் இல்லை. மணலோடு சேர்ந்து கிடந்த இரும்புள்ள தாதுக்கள் சிதைந்து, ஆக்சிஜனோடு கலந்து, எல்லா மணிகளுக்கும் சாயம் ஏற்றிவிட்டன. தேரி முழுக்க சிவப்பு என்றால், இங்கே காற்றும் மழையும் தடையில்லாமல் உள்ளே போய் வந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். இந்தத் தேரிகளில் சின்னச் சின்னக் கற்கருவிகள் கிடைக்கும். 1956-இல் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நாலைந்து சில்லுகளைத் திருப்பிப் பார்த்தேன், எல்லாம் வெறும் கல்.

இந்தச் சிவப்புதான் எனக்கு முதல் மாதத்தில் பாடம் சொன்னது. மேகாலயாவின் தென்மேற்குக் காசி மலையில் மகாதேக் மணற்கல் என்று ஒன்று உண்டு. டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியில் ஆறுகள் கொண்டுவந்து போட்ட மணல். மேல்பாதி செந்நீலம், கீழ்பாதி சாம்பல். கீழ்ப்பாதியில் கரியாகிப்போன இலைத் துணுக்குகளும், பைரைட் என்ற இரும்பு கந்தகத் தாதும் இருக்கும். புதிதாகச் சேர்ந்த நான், மேலே வந்த அழகான சிவப்புக் கோர்களை அங்குலம் அங்குலமாக வரைந்து, நாள் முழுக்க எழுதி, சாம்பல் கோர் வந்தபோது அலுத்துப்போய் நாலே வரியில் முடித்துவிட்டேன். மறுநாள் மூத்தவர் ஒருவர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, சிவப்பைப் பார்த்து எல்லாரும்தான் மயங்குவான். சரக்கு சாம்பலில் இருக்கு" என்றார். கதிர்வீச்சு அளக்கிற கருவியை வைத்துக் காட்டினார். சிவப்பில் சும்மா இருந்த முள், சாம்பலில் எகிறியது.

மாமாவுக்கு இதைச் சொல்லப் பனைதான் கைகொடுத்தது. தேரி விளிம்பில் பதநீர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பட்டையில் வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டேன்: "கலயத்துல சுண்ணாம்பு தடவலைன்னா என்ன ஆகும் மாமா?"

"கள்ளாயிரும். இது ஒரு கேள்வியா?"

"பாளையில வடியறது ஒரே சாறுதானே?"

"சாறு ஒண்ணுதான். விழுற எடம் வேற."

யுரேனியமும் அப்படித்தான் என்றேன். காற்றுள்ள தண்ணீரில் இருக்கும்வரை கரைந்து ஓடும். கரியும் கந்தகமும் கிடக்கிற இடத்தில் விழுந்தால் கருப்புத் தாதாகிவிடும். யுரேனினைட், காஃபினைட் என்பவை அவை. பெரும்பாலும் மணிக்கும் மணிக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத பொடியாகக் கிடக்கும். சித்தப்பா நினைக்கிற மாதிரி மின்னாது.

படிவது ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. மேட்டிலிருந்து காற்றுள்ள தண்ணீர் மணற்கல்லுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. வழியில் உள்ள பைரைட்டைத் துருவாக்கிச் சிவப்பும் மஞ்சளுமாக மாற்றுகிறது. சிவப்பு முடிந்து சாம்பல் தொடங்குகிற எல்லையில் யுரேனியம் படிகிறது. பின்னால் இன்னும் தண்ணீர் வரும்போது, படிந்தது மறுபடி கரைந்து, கொஞ்சம் முன்னால் போய் மறுபடி படியும். நெல்லையப்பர் தேர் மாதிரி: இழு, நில்லு, மறுபடி இழு. நகர நகரச் சேர்மானம் கூடிக்கொண்டே போகும். வெட்டிப் பார்த்தால் தாது பிறை வடிவில் நிற்கும், குழிந்த பக்கம் சிவப்பைப் பார்த்து. அமெரிக்காவின் வயோமிங்கிலும் கஜகஸ்தானிலும் இந்தப் பிறைகள்தான். உலகம் தோண்டியெடுக்கும் யுரேனியத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு இன்று கஜகஸ்தானிலிருந்து வருகிறது.

"அப்பம் நம்ம தேரிக்கு அடியிலயும் கெடக்குமோ?" என்றார் மாமா, கொஞ்சம் ஆசையாகவே. இல்லை என்றேன். பிறை நிற்க வேண்டுமானால் மேலும் கீழும் களிமண் அடைத்த மணற்கல் வேண்டும். உள்ளே நிறையக் கரி வேண்டும். யுரேனியம் நிறைந்த பாறை மேட்டில் இருக்க வேண்டும். அப்புறம் லட்சக்கணக்கில் வருடம் வேண்டும். தேரி நேற்றுப் பிறந்த பிள்ளை, அதுவும் முழுக்கச் சிவப்பு. "சாம்பல் இல்லாத ஊரு" என்றேன். "அது கெடக்கு, கொளத்துல இருக்கே" என்றார்.

மூன்றாம் நாள்: குளம், மணப்பாடு

மாமா சொன்னது சரி. ஊர்க்குளம் வற்றிவிட்டது. வயலுக்குக் கரம்பை அடிக்க டிராக்டர் நின்றது. மேலே வெடித்துக் காய்ந்த பொறுக்கு பழுப்பு நிறம். மண்வெட்டி இரண்டடி இறங்கியதும் கன்னங்கரேல் என்று வந்தது, கூடவே அழுகின முட்டை வாடை. அள்ளிக்கொண்டிருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், நான் குனிந்து முகர்ந்தேன். "இவரு என்னவே, மோந்து மோந்து பாக்காரு?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

அந்த வாடைதான் எங்கள் தாதுவின் தாய்வீடு. குளத்தில் விழுந்த இலையும் கோரையும் மக்கும்போது நுண்ணுயிர்கள் இருக்கிற ஆக்சிஜனை எல்லாம் தின்றுவிடும். தீர்ந்ததும் தண்ணீரில் உள்ள சல்பேட்டில் கைவைக்கும். அதிலிருந்து வருவது அந்த வாயு. அது இரும்போடு சேர்ந்தால் இந்தக் கருப்பு. தேரியில் சிவப்பாகத் திரிகிற அதே இரும்பு இங்கே கருப்பாக அடங்கிக் கிடக்கிறது. யுரேனியம் கரைந்த தண்ணீர் இப்படிப்பட்ட சேற்றுக்குள் வந்தால் தப்பாது. இலை மக்கினால்தான் இதெல்லாம் என்பதால், உலகத்து மணற்கல் யுரேனியத் தாதுக்கள் பெரும்பாலும் தரையில் செடிகொடி தோன்றிய பிறகு உண்டானவை. அதாவது கடைசி நாற்பது கோடி வருடச் சொச்சத்துக்குள். அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியில் பழைய ஆற்றுமணலில் புதைந்த மரத்தண்டுகளே யுரேனியத் தாதுவாக மாறியிருக்கின்றன. மரத்தின் வரி வரியான அமைப்புகூட அழியாமல்.

ஒரு கட்டிக் கருப்புக் கரம்பையை ஐஸ்கிரீம் டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டேன். அத்தை அந்த டப்பாவைத் தேடப்போகிறாள்.

மத்தியானம் உடன்குடி வழியாக மணப்பாடு. கருப்பட்டி வாங்கச் சொல்லி அம்மா கொடுத்த பணத்தில் பாதி சர்பத்துக்குப் போனது. கடைக்கார அண்ணாச்சியிடம் ஒரு எலுமிச்சம்பழம் தனியாகக் கேட்டு வாங்கினேன்.

மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு மணற்குன்று, உச்சியில் கோயில், கடல் பக்கம் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. அவர் இந்தக் கரைக்கு வந்தது 1542-இல். குகையைக் குடைந்திருக்கும் கல் மணற்கல்தான். திருச்செந்தூரில் வள்ளிக்குகை குடைந்திருப்பதும் இதன் சொந்தக்காரக் கல்தான். அலையடிக்கும் இடத்தில் உடைந்து கிடந்த துண்டு ஒன்றில் எலுமிச்சையைப் பிழிந்தேன். காதை வைத்தால் கேட்கிற அளவுக்கு மெல்லச் சீறி, பொடிப்பொடியாக நுரைத்தது. வலை பின்னிக்கொண்டிருந்த ஆச்சி பார்த்துவிட்டார். "கல்லுக்கு எலுமிச்சம்பழம் புழியுதியே, கண்ணேறு பட்டுட்டா?"

மணலை ஒட்டவைத்திருக்கும் பசை சுண்ணாம்பு என்று இந்த நுரை சொல்கிறது. இது கரையோரத்து இளம் கல், யுரேனியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் எலுமிச்சை விஷயம் முக்கியம். கஜகஸ்தானில் சுரங்கம் தோண்டுவதே இல்லை. மணற்கல்லுக்குள் போர் வழியாக நீர்த்த கந்தக அமிலத்தை இறக்கி, படிந்த யுரேனியத்தை மறுபடி கரைத்து, பக்கத்துப் போரில் மேலே இழுத்துவிடுகிறார்கள். தாது எந்த வழியாக வந்து படிந்ததோ அதே வழியாகத் திருப்பி அனுப்புவது. ஆனால் கல்லில் சுண்ணாம்பு நிறைய இருந்தால், ஊற்றுகிற அமிலத்தை எல்லாம் அதுவே குடித்துவிடும். என் எலுமிச்சைக்கு நடந்தது அதுதான். அதனால் அமெரிக்காவில் அமிலத்தை விட்டுவிட்டுச் சோடா உப்பும் ஆக்சிஜனும் கலந்த தண்ணீரை இறக்குகிறார்கள். இரண்டிலும் நிலத்தடி நீரைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் பெரிய தலைவலி. அதைப் பற்றிச் சுலபமாகப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

மேகாலயாவில் அந்தக் கேள்விக்கே போகவில்லை. அங்குள்ள காசி மக்கள் பல வருடமாக வேண்டாம் என்கிறார்கள், சுரங்கம் திறக்கவில்லை. உனக்கு வருத்தமா என்று கேட்டால், அந்தக் கோர்களைப் படித்ததே எனக்குப் போதும் என்பேன். மேலதிகாரி முன்னால் சொல்ல மாட்டேன்.

நான்காம் நாள்: உவரி, கூடங்குளம்

உவரிக் கரையில் விடிகாலை. அலை வாங்கிப்போன இடத்தில் மணல் வரிவரியாகக் கிடந்தது: வெள்ளை, கருப்பு, இடையிடையே கார்னெட்டின் செந்நிறம். கருப்பு பெரும்பாலும் இல்மனைட் என்ற தாது. பள்ளிக்கூடக் காந்தத்தை மணலுக்குள் ஓட்டினால் மேக்னடைட் மட்டும் மயிர்க்கூச்செறிந்து ஒட்டிக்கொள்ளும், இல்மனைட் அசையாது. இதற்கெல்லாம் நடுவில் தேன் நிறத்தில் அங்கங்கே ஒரு மணி. மோனசைட்டாக இருக்கலாம், லென்ஸில் பார்த்துச் சத்தியம் செய்ய முடியாது. அதற்குள்தான் தோரியம்.

முதல் நாள் பாக்கி வைத்த கதை இது. தோரியத்துக்கு யுரேனியம் மாதிரி கரைகிற நிலை, படிகிற நிலை என்று இரண்டு கிடையாது. காற்றுப் பட்டாலும் படாவிட்டாலும் தண்ணீரில் ஏறாது. அதனால் அது கரைந்து பயணம் போவதில்லை. மோனசைட் மணிக்குள் உட்கார்ந்தபடியே உருண்டு வந்து, கனமான மணிகளைக் கரையில் போட்டுவிட்டு இலேசானதை அலை இழுத்துப்போகும்போது இங்கே தங்கிவிடுகிறது. முறத்தில் புடைத்தால் அரிசி தங்கி உமி பறக்கிற கதை. யுரேனியத்தை நிறுத்துவது வேதியியல், தோரியத்தை நிறுத்துவது எடை. மணற்கல் தாதுவில் யுரேனியம் இருந்தும் தோரியம் பேருக்குக்கூட இல்லாதது இதனால்தான். கூட வந்த பைரைட்டையும் கரியையும் பார்க்காமல், இந்த ஒன்றை வைத்தே ஒரு தாது தண்ணீரில் கரைந்து வந்ததா, உருண்டு வந்ததா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இந்த மணலின் மதிப்பு முதலில் தெரிந்ததே வேடிக்கை. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். மணவாளக்குறிச்சியில் வேலை தொடங்கியது அதன் பிறகுதான். அன்றைக்கு அணு உலை ஏது. காஸ் விளக்கு மேண்டிலுக்குத் தோரியம் வேண்டியிருந்தது. கல்யாண வீட்டுப் பெட்ரோமாக்ஸில் கட்டுவோமே, அதே மேண்டில்.

கூடங்குளம் போகும் வழியில் டீக்கடை. தூரத்தில் உலைகளின் குமிழ்க் கூரைகள். மீன் ஏற்றிவந்த அண்ணாச்சி ஒருவர், நான் காந்தத்தைத் துடைப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்த மணலைத்தான் உள்ள எரிக்கானுவளாம்லா?"

"இல்ல அண்ணாச்சி. அது ரஷ்யாலேருந்து வருது. யுரேனியம்."

"அப்பம் நம்ம மணலு?"

தோரியம் தானாக எரியாது, உலைக்குள் வைத்து வேறொன்றாக மாற்றிய பிறகுதான் எரிபொருள் என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "ஈர வெறகு" என்றார். பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு சுருக்கமாக நான் சொன்னதில்லை.

மணற்கல்லுக்கும் உலைக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. அவரிடம் சொல்ல நேரமில்லை, இங்கே சொல்கிறேன். இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் வகை நூற்றுக்கு 0.72 பங்குதான். கூடங்குளத்து எரிபொருளில் அதைச் சில பங்காக உயர்த்தித்தான் வைக்கிறார்கள். 1972-இல் ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஓக்லோ என்ற இடத்துத் தாதுவில் அந்த 0.72 கொஞ்சம் குறைந்திருப்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் கவனித்தார்கள். யாரோ ஏற்கெனவே எரித்த மாதிரி. எரித்தது பூமியேதான். கிட்டத்தட்ட இருநூறு கோடி வருடத்துக்கு முன்னால் அந்தப் பங்கு இயற்கையிலேயே மூன்றுக்கு மேல் இருந்தது. மணற்கல்லில் யுரேனியம் திரண்டு, நிலத்தடி நீரும் ஊறி நின்றபோது உலை தானாகப் பற்றிக்கொண்டது. சூடேறித் தண்ணீர் ஆவியானால் அணையும், மறுபடி ஊறினால் எரியும். அப்போது தரையில் மரமும் இல்லை இலையும் இல்லை. யுரேனியத்தை நிறுத்தியது பழைய நீர்வாழ் நுண்ணுயிர்கள் மக்கிய கரி. நேற்று நான் சொன்ன செடிகொடிக் கணக்குக்கு ஒரு விதிவிலக்கு.

ஐந்தாம் நாள்: ஜங்ஷன்

நெல்லை எக்ஸ்பிரஸ் பிளாட்பாரத்தில் நிற்கிறது. கருப்பட்டி, அல்வா, மாமா கொடுத்தனுப்பிய நுங்கு. பையை அடுக்கும்போது ஐஸ்கிரீம் டப்பா அம்மா கையில் சிக்கிவிட்டது. திறந்தாள், மூடினாள். "இது என்னலே சவம், இந்த நாத்தம் நாறுது?"

வாங்கிப் பார்த்தேன். மூடி சரியாகப் பொருந்தாத பக்கம் காற்றுப் புகுந்திருக்கிறது. கட்டியின் மேல்பக்கம் துருப்பழுப்பாகிவிட்டது. பேனாக்கத்தியால் குறுக்கே அறுத்தேன். உள்ளே இன்னும் கருப்பு. பழுப்பு ஒரு விரற்கடை ஆழம் இறங்கி நிற்கிறது, அதன் விளிம்பு நேர்கோடாக இல்லை. காற்று புகுந்த பக்கம் குழிந்து, கருப்புக்குள் வளைந்து போகிறது.

"இதைத்தாம்மா அங்க தேடுதோம்" என்றேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். "இந்தக் கோட்டையா?"

"ஆமா."

"சரி, அதை நுங்குப் பையில வைக்காதே" என்றாள்.